ஏரி கெட்ட வரலாறு

“நான் எழுதுற ஏரி வரலாற்றுல முதல் அத்தியாயம், இந்தக் கரையில முதல் வீட்டை நான் கட்டினது. கடைசி அத்தியாயம், அக்கரைக் குடிசைக்காரங்க வந்து ஏரியை நாறடிச்சது. அதுக்கு மட்டும் ஒரு ஆதாரம் வேணும்மா. புத்தகத்தோட மனுவும் குடுத்தா, ஒரே மாசத்துல அவங்களைக் காலி பண்ணிடுவாங்க.”

காலையில் தன் வீட்டில் சொன்னதையே ஏரிக்கரையிலும் சொன்னார் குடியிருப்போர் சங்கத் தலைவர். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். கறுப்புத் தண்ணீரில் செத்த மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.

நீர் ஆய்வகத்திலிருந்து வந்திருந்த பெண் தலைகுனிந்தபடியே சொன்னாள். “ஒரு கழிப்பறையில பச்சைச் சாயம் ஊத்தியிருக்கேன் சார். அந்த வீட்டுக் கழிவு ஏரிக்குத்தான் வருதுன்னா, இங்க பச்சை தெரியும்.”

“அடேயப்பா! இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கே!”

சற்று நேரத்தில் ஏரியின் நடுவே பச்சை பொங்கியது. கூடவே குப்பென்று நாற்றம். தலைவர் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

“சீ! இதுங்க சோத்தைத்தான் திங்குதுங்களா?”

காறி ஏரிக்குள்ளேயே துப்பினார். அட்டைப்படத்துக்கு நான்கு போட்டோ எடுத்துக்கொண்டார்.

“எந்தக் குடிசைம்மா அது?”

அவள் இன்னும் தலை நிமிரவில்லை.

“குடிசை இல்ல சார். காலையில உங்க வீட்டுல பாத்ரூம் போகணும்னு கேட்டேனே, அப்பதான் ஊத்தினேன்.”

தலைவரின் கைக்குட்டை நழுவியது.

“அப்ப... என் கடைசி அத்தியாயம்?”

“அது உங்க முதல் அத்தியாயத்துலயே இருக்கு சார்.”