உள்ளே உட்கார்ந்த புளிப்பு

"கேக்காம உள்ள வர்றவன..." என்று சித்தப்பா எதையோ சொல்வார். கள்ளுப்பானையில் வாழ்ந்த ஈஸ்டுக்கு மீதி மறந்துவிட்டது. சித்தப்பா இப்போது செத்து, வெறும் கூடாகப் பக்கத்தில் மிதக்கிறார்.

பானையில் சர்க்கரை தீர்ந்திருந்தது. கள்ளில் ஊறிய புளிப்புத் துகள்கள் ஒவ்வொன்றாக ஈஸ்டின் சுவர் வழியே நுழைந்து, உள்ளே வந்ததும் இரண்டாகப் பிரிந்தன. சுடுகிற பாதியை ஈஸ்ட் இருந்த தெம்பையெல்லாம் செலவழித்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. சுடாத பாதி உள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசியது.

"ஏண்ணே இப்படி இளைக்கிறீங்க? உங்க சித்தப்பாவும் இப்படித்தான் தள்ளிக்கிட்டே இருந்தாரு."

"பேசாம இரு. இடுப்புல புள்ள முளைச்சிருக்கு."

"பார்த்தோம். உங்களுக்கப்புறம் அதுக்குள்ள போய் உக்காருவோம். எங்களுக்கென்ன அவசரம்?"

இடுப்பில் முளைத்த பிள்ளை மொட்டு பசியில் அசைந்தது. ஊட்டுவதற்கு எதுவும் இல்லை. ஈஸ்ட், பேசிய பாதியைப் பார்த்தது: இதுவும் சர்க்கரையிலிருந்து வந்ததுதானே.

பிறகு அதையே தின்பது என்று முடிவு செய்தது.