கதவுக்கு வெளியே

"நெஞ்சைக் கிழிக்க மாட்டோம் சார். தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, இதயத்துக்குப் பக்கத்துல பிறவியிலேயே மூடாம இருக்கிற வழியை அடைச்சிடுவோம்," என்றார் கால்நடை டாக்டர்.

"கைக்குள்ள அடங்குற நாய்க்குட்டி டாக்டர். தாங்குமா?" கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார், அதைத் தூக்கி வந்தவர்.

குட்டியை உள்ளே கொண்டுபோனதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகத்தைக் கடித்தார். மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஒருவழியாக டாக்டர் சிரித்தபடி வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சு உங்களைத்தான் தேடுது."

மனிதர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"சாருக்கு ஆஸ்பத்திரின்னாலே பயமோ?" என்று நர்ஸ் மனைவியிடம் கிசுகிசுத்தாள்.

"நீங்க வேற! பச்சைக் குழந்தைங்களுக்கு இதே சிகிச்சையைத் தினமும் செய்யிற டாக்டரே இவருதான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அங்க நான் உள்ள நிப்பேன்மா. வெளிய உக்காந்தது இன்னிக்குத்தான்."