நாலு மணிப் பழுது

“இண்டைக்கும் பழுதா காக்கா?”

நஸ்ரியா வெறும் ஐஸ் பெட்டியைப் படாரென்று தரையில் வைத்தாள்.

“ஓம், பழுதுதான். அஞ்சு மணிக்குப் பிறகு வா” என்றார் அபூதாஹிர், திரும்பிக்கூடப் பார்க்காமல். துறைமுகத்தடி ஐஸ் மில்லின் முதலாளி; மீன்காரர்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் ‘காக்கா’. வாயைத் திறந்தால் ஏச்சுத்தான்.

“அஞ்சேகாலுக்கு எனக்குக் கிண்ணியா பஸ். நான் வாற செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் பார்த்து இந்த மெஷின் செத்துப் போகுது. பழைய இரும்புக்காரன்கூட இதை வாங்க மாட்டான்!”

“தேவையெண்டா நில். இல்லாட்டி வேற மில் பார்.”

கிண்ணியாவில் தெருத்தெருவாகக் கூவி மீன் விற்றே வீடு கட்டியவள் நஸ்ரியா. பேரத்தில் அவளை வென்றவர் இல்லை. இந்த மனுசனிடம்தான் பருப்பு வேகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இசைச் சிகிச்சை அறை. உள்ளே, நாலு மணி வகுப்பில், அவளுடைய மகள் ஷிஃபானா. ஆறு வயது. இன்னும் ஒரு தரம்கூட “உம்மா” என்று கூப்பிட்டதில்லை.

முதல் நாள் வகுப்பில் இந்த மெஷின் கடகடவென்று ஐஸ் உடைக்கத் தொடங்கியதும், பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டாள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அப்போது வாசலில் வந்து எட்டிப் பார்த்த அபூதாஹிர், “ஐஸ் மில்லுக்குப் பக்கத்தில ஆரடா பாட்டு வகுப்பு வைக்கச் சொன்னது?” என்று கத்திவிட்டுப் போனார். நஸ்ரியா அதை மறக்கவில்லை.

சிகிச்சை கொடுக்கிற நிரோஜினி மிஸ் பொறுமைசாலி. சிங்களப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுப் பாட்டு, பக்கவாதம் வந்து பேச்சிழந்த முதியவர்களுக்கு அவர்கள் காலத்துப் பாட்டு. ஷிஃபானா மட்டும் எந்தப் பாட்டுக்கும் அசையவில்லை.

“அக்கா, வீட்டில என்ன சத்தத்துக்கு இவள் திரும்பிப் பார்க்கிறவள்?”

நஸ்ரியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நான் மீன் கூவுறதுக்கு, மிஸ்.”

மிஸ் சிரிக்கவில்லை. அந்தக் கூவலையே பாட்டாக்கி, றபான் மேளத்தில் தட்டிப் பாடினார். கடைசிச் சொல்லை மட்டும் பிள்ளைக்கு விட்டு வைத்தார். மூன்று மாதமாக அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

வியாழக்கிழமை நஸ்ரியா ஆளோடு வந்தாள். தம்பி றிஸ்வி, மெக்கானிக்.

“காக்கா, கூலி வேணாம். இவன் சும்மா திருத்தித் தருவான். பதிலுக்கு ஒரு மாசத்துக்கு எனக்கு ஐஸ் சும்மா. சரியா?”

“மெஷினில கை வைக்காதே!” என்று அபூதாஹிர் பாய்ந்து வந்தார். றிஸ்வி அதற்குள் மூடியைக் கழற்றிவிட்டான்.

அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தவன் தலையைச் சொறிந்தான்.

“ராத்தா, இதில ஒரு பழுதும் இல்ல. இப்பத்தான் ஓடி நிண்டிருக்கு, சூடுகூட ஆறல்ல. சுவிட்சைத்தான் நிப்பாட்டி வச்சிருக்கிறார்.”

நஸ்ரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்னை என்ன மடைச்சியெண்டா நினைச்சீங்க? நல்ல மெஷினை நிப்பாட்டி வச்சிட்டு...”

“கத்தாதே!” அபூதாஹிர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைக் காட்டினார். “அங்க புள்ள பயந்திரும்.”

நஸ்ரியா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுவருக்கப்பால் றபானும் மிஸ்ஸின் குரலும் கேட்டன.

“சூடை வந்திருக்கு... சாளை வந்திருக்கு... கூட ஆரு வந்திருக்கு?”

றபான் ஓய்ந்தது. மில்லில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

“உம்மா.”

சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவு தெளிவு.

நஸ்ரியா ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“காக்கா...” என்றாள்.

“என்ன காக்கா? எழும்பு, பெட்டி உடையப் போகுது” என்று அபூதாஹிர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் படகுக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

“முதலாளி, பத்துப் பெட்டி ஐஸ்! அவசரம், கடலுக்கு இறங்கப் போறம்!”

அபூதாஹிர் வாயைத் திறக்குமுன் நஸ்ரியா எழுந்து ஓடிப்போய், உதட்டில் விரலை வைத்தாள்.

“மெல்லமாக் கதைங்க அண்ணன். மெஷின் பழுது. அஞ்சு மணிக்குப் பிறகு வாங்க.”