புதுப் பூட்டு

பூட்டின் மேல் மூன்றாவது அடி விழுந்ததும் கதவு அதிர்ந்தது. இடுப்பில் பிள்ளையோடு படிக்கட்டில் நின்றவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தடுக்கவில்லை, கொட்டாவி விட்டார்.

அடித்தவர் பூட்டு ரிப்பேர்க்காரர். வீட்டில் அவள்தான் இருக்கவேண்டும், புருஷன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சாவியைக் கொடுக்காமலே வெளியேறியவன், எந்தக் கோர்ட்டு வந்து உன் தலைமாட்டில் காவல் இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அவளுக்கு இடது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி உளியை எடுத்தார்.

பழைய பூட்டு கழன்று விழுந்தது. கூட வந்திருந்த வக்கீலம்மா உத்தரவு நகலை அவள் கையில் கொடுத்துவிட்டு பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இந்தத் தாளு ராத்திரி கதவைப் பிடிச்சுக்காதுண்ணே. நல்ல பூட்டாப் போடுங்க." அடுத்த வழக்கு காத்திருக்கிறது என்று போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

துணைக்கு நின்றது அவளுடைய அப்பா. மகளோடு கோர்ட்டுக்கு நடையாய் நடந்த மனிதர். பூட்டுக்காரருக்கு டீ வாங்கி வந்தார், டார்ச் பிடித்தார், உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும் என்று வம்புக்கு இழுத்தார்.

"சம்சாரத்துகிட்டதான். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறேன், என் வீட்டுக் கதவை மட்டும் தட்டிட்டுத்தான் நிப்பேன்."

அப்பா சிரித்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். சின்னவள் ஒருத்தி இன்னும் கரையேறவில்லை, பெரியவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்றார். பெண்ணைப் பெற்றவர் பாடு அப்படித்தான் என்று பூட்டுக்காரரும் ஒத்து ஊதினார்.

புதுப் பூட்டைப் பொருத்திவிட்டு, உள்பக்கம் வைக்கக் கனமான தாழ்ப்பாள் ஒன்றை எடுத்தார். பூட்டைவிட இதுதான் காபந்து என்றார்.

"அது வேண்டாங்க," என்றார் அப்பா. "அடிபட்ட உடம்பு. உள்ள மயங்கி விழுந்தா, வெளிய இருந்து யாரு திறக்கறது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்பா சொல்கிறபடியே செய்யுங்கள் என்றாள் அவளும். தாழ்ப்பாள் மறுபடி பைக்குள் போனது.

வேலை முடிந்ததும் மூன்று சாவியையும் அப்பாவிடம் நீட்டினார். வீட்டில் ஆம்பளை நின்றால் சாவி அவர் கைக்குத்தான் போகும்; இத்தனை வருஷக் கைப்பழக்கம். அப்பா இரண்டை மகளிடம் கொடுத்துவிட்டு, ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதுவரை இறுகிக் கிடந்த அவள் முகம் அப்போதுதான் இளகியது. "நீங்க இருக்கீங்களேப்பா. எனக்கு அது போதும்."

அப்பா பேரப்பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு முன்னால் இறங்கிப் போனார். பூட்டுக்காரர் அவளை உள்ளேயிருந்து பூட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டு சுற்று. பூட்டின் நாக்கு சட்டத்துக்குள் போய் உட்கார்ந்த சத்தம் சுத்தமாகக் கேட்டது.

"இனிமே நிம்மதியாத் தூங்கும்மா."

"பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அங்கேயேதாண்ணே பிள்ளையோட படுத்திருந்தேன், அவரு இங்க இருந்த வரைக்கும்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "இன்னைக்குத்தான் கட்டில்ல படுக்கப் போறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். நல்ல காரியத்துக்குக் கை கொடுத்த மாதிரி மனசு லேசாக இருந்தது.

கீழ்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் அப்பா சுவரைப் பார்த்து நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அத்தனை பணிவு.

"இருட்டினதும் வாங்க மாப்ளே, நான் திறந்து விடறேன்."