போட்டோவுக்குக் கட்டிய கொசுவலை

ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரைக் குடிசை. நிறைமாதக் கர்ப்பிணி சிகோண்டியின் கட்டிலுக்கு மேலே மலேரியா தடுப்பு அதிகாரிகள் புதுக் கொசுவலையைக் கட்டினார்கள். வலைக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே இவ பக்கத்துல வந்து பாருடி!" என்று சுவரிலிருந்த கொசுவிடம் சவால் விட்டது.

"போன வருஷம் வந்த வலையும் இப்படித்தான் பேசுச்சு," என்றது கொசு.

சிகோண்டியை வலைக்குள் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். எடுத்த கையோடு வலையை அவிழ்த்தார்கள்.

"அடுத்த ஊர்லயும் படம் எடுக்கணும்மா. உனக்கு அப்புறம் வரும்," என்றார் ஓர் அதிகாரி.

வலை கொதித்துப்போனது. "அடப்பாவிகளா! இவ வயித்துல பிள்ளை இருக்குடா!" என்று கத்தியது. யாரும் காதில் வாங்கவில்லை. மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள்.

"போயிட்டு வா," என்றது கொசு, சிகோண்டியின் தோளில் உட்கார்ந்தபடி. "அடுத்த ஊர்ல எங்க சித்தி சுவர்லயே காத்திருக்கா, போட்டோ முடியட்டும்னு."