நாலு மூலை மஞ்சள்

“பெட்டிக்குள்ள போட்டது போட்டதுதான். இனி எடுக்க ஏலாது,” என்றார் ஸஹீதா மிஸ். மாநகர சபையில் டெண்டர் பெட்டிக்குப் பொறுப்பான எழுதுவினைஞர்.

தனுஷா பெட்டியின் வாயை எட்டிப் பார்த்தாள்.

“மஞ்சள்தானே மிஸ்? கவர்ர நாலு மூலையிலயும் தொட்டு வச்சன். அவ்வளவுதான்.”

“விதி பதினொண்டை வாசிக்கல்லையா? ஆருடைய கவரெண்டு காட்டுற அடையாளம் ஒண்டும் வெளியில இருக்கப்படாது. இருந்தா திறக்காமலே தள்ளிடுவாங்க.”

வாசித்திருந்தாள். ஒரு தரமல்ல, நாலு தரம். பெயர் எழுதவில்லை, முத்திரை குத்தவில்லை. ஆனால் நல்ல காரியத்துக்குப் போகிற கடுதாசியை மஞ்சள் வைக்காமல் அவள் ஊர் ஆரையம்பதியில் யார் அனுப்புவார்கள்? விடியவே பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் தொட்டு, பஸ்ஸில் மடங்காமல் கொண்டுவந்து போட்டவள் அவள். போட்டதோடு வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? அதையும் பெருமையாக மிஸ்ஸிடம் சொன்னாள்.

“புதுசா ஒரு படிவம் தாங்க மிஸ். இப்பவே எழுதித் தாறன்.”

“படிவம் குடுக்கிறது நேற்றோட முடிஞ்சுது மகள்.”

சபையின் சுகாதாரத் தொழிலாளர் முந்நூறு பேருக்கு, ஆளுக்கு ஆறு சோடிச் சீருடை. கிடைத்தால் அவளோடு தைக்கும் பதினொரு பெண்களுக்கும் ஆறு மாதம் வேலை. கிடைக்காவிட்டால் தையலகத்தை மூடவேண்டியதுதான். இரண்டு பேர் குவைத்துக்குப் போக பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டார்கள். வணிகப் பதிவு, வழங்குநர் பதிவு, வங்கிப் பிணை என்று மூன்று மாதம் அலைந்து, மாதிரிச் சட்டையும் தேறி, இனி விலை மட்டும்தான் என்று வந்து நின்ற நேரத்தில் இப்படி.

பக்கத்து வாங்கில் காத்தான்குடி நளீர் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக இந்தச் சீருடை ஒப்பந்தம் அவருக்குத்தான். அவருடைய கவர் இன்னும் மடியில்தான் இருந்தது. காது மட்டும் இந்தப் பக்கம்.

“நாலு மூலையிலயுமா தங்கச்சி?”

“ஓம் நானா.”

“முன்பக்கமா, பின்பக்கமா?”

“முன்பக்கம்.”

கேட்கிற கேள்வியைப் பார்! தனுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நளீர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். பத்து மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். எழுந்துபோய், மூன்றாவது போட்டியாளரான வாழைச்சேனை தனோஜனின் தோளில் தட்டி, காதுக்குள் ஏதோ சொன்னார். தனோஜன் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டு பேரும் கவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இனிப் போட்டிக்கு ஆளில்லை. இரண்டு பேரும் கூடிப் பேசி விலையைக் கூட்டப் போகிறார்கள்.

‘தின்னுங்க, நல்லாத் தின்னுங்க,’ என்று மனதுக்குள் திட்டினாள். ‘பதினொரு பொம்புளையள்ர வயித்தில அடிச்சுத் தின்னுங்க.’

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் திரும்பி வந்தார்கள். நளீர் கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே பெட்டியில் போட்டார். தனோஜனும் போட்டான்.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. தள்ளுவதையும் கண்ணால் பார்த்துவிட்டே போவோம் என்ற வீம்பில் உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிக்குக் கொள்வனவுக் குழுத் தலைவர் வினாயகமூர்த்தி வந்து, எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தார். முதல் கவரை எடுத்ததும் முகம் சுருங்கியது.

“இதென்ன மஞ்சள்? அடையாளம் போட்ட கவர். தள்ளி வைக்கோணும்.”

தனுஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அட, இதிலயும் மஞ்சள்!”

கண்ணைத் திறந்தாள்.

தலைவர் மூன்றாவதையும் தூக்கிப் பிடித்தார். நாலு மூலையிலும் மஞ்சள் அப்பிக் கிடந்தது.

“மிஸ், இதில எது ஆருடையதெண்டு உங்களால சொல்ல ஏலுமா?”

ஸஹீதா மிஸ் மூன்றையும் புரட்டிப் பார்த்தார். நளீரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“ஏலாது சேர்.”

“அப்ப இது அடையாளமே இல்லயே. கத்தரிக்கோலைத் தாங்க.”

விலைகள் சத்தமாக வாசிக்கப்பட்டன. தனோஜன் மூன்றாவது. நளீர் இரண்டாவது, கூட்டவில்லை, போன வருடத்தை விடக் குறைத்தே போட்டிருந்தார். சோடிக்கு முப்பது ரூபாய் வித்தியாசத்தில் தனுஷா தையலகம் முதலாவது!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தையலகத்தில் காத்திருந்த வதனிக்குப் போன் எடுத்தாள்.

“வெண்டுட்டம் வதனி! நாங்க வெண்டுட்டம்!”

பதினொரு பேரின் கூச்சல் போனைத் தாண்டி மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவரே சிரித்துவிட்டார்.

வாசலில் நளீரைப் பிடித்தாள்.

“நானா, உங்களுக்கு மஞ்சள் எங்கால?”

“முன்னால சாப்பாட்டுக் கடையில வாங்கினது. கறிக்கு வச்சிருந்தாங்க.”

“சும்மா இருந்திருந்தா ஒப்பந்தம் உங்களுக்குத்தானே வந்திருக்கும்? நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சன் தெரியுமா நானா?”

நளீர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“விலையில தோத்தா அடுத்த வருஷம் பாக்கலாம் தங்கச்சி. நீங்க கோயில்ல கும்பிட்டு வச்ச மஞ்சளைக் காட்டி உங்களை வெளியில தள்ளிட்டு வெண்டிருந்தா, மறுகா நான் அஞ்சு வக்தும் தொழுறது என்னத்துக்கு?”