ஆறு ஐம்பத்திரண்டுக்கு

"அதோ, தண்ணித் தொட்டிக்கு மேல. தெரியுதாப்பா?"

மகள் சொன்ன பக்கம் அப்பா அண்ணாந்து பார்த்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் ஒருமுறை திருப்பினார். பிறகு முகம் மலர்ந்தது.

"தெரியுது, தெரியுது. நல்ல வெளிச்சமாத்தான் போகுது."

மொட்டை மாடியில் அவர்கள் இருவர்தான். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. விண்வெளி நிலையம் ஆறு ஐம்பத்திரண்டுக்கு நம் வீட்டுக்கு மேலே போகும், ஐந்து நிமிடம் தெரியும் என்று மகள் காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவர்போல் சட்டை மாற்றிக்கொண்டு ஆறரைக்கே தயாராகிவிட்டார் அப்பா.

அவர் முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே, போன வருடம், போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் முதுகு ஒத்துழைக்கவில்லை என்றார்.

மகள் நர்ஸ். அவளுடைய ஒன்பதாவது வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவளுக்குச் சடை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடக் கூட்டத்தில் அம்மாமார்களுக்கு நடுவே டிரைவர் சீருடையோடு கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்ததும் அப்பாதான்.

இப்போது அவளுக்குக் கடல் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. சேரும் தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இன்னொரு முறை தள்ளினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம்.

போகவில்லை என்று முந்தாநாள் அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அன்று முழுவதும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டையும் தொடவில்லை. எனக்கு என்ன குறை, கல் மாதிரி இருக்கிறேன், உன்னை எனக்குக் காவல் வைக்கவா படிக்க வைத்தேன் என்று இரவு ஒரே ஒரு முறை கேட்டார். மறுநாள் பரண்மேல் கிடந்த பெட்டியை அவரே இறக்கித் துடைத்து வைத்தார். மூடியின் ஒரு பக்கத்தில் ஒட்டடை அப்படியே இருந்தது.

"கொஞ்சங்கூட மினுக்கல பாரு," என்றார் இப்போது. விமானமென்றால் மினுக்கும், இது ஒரே சீராக நகரும் என்று காலையில் அவள்தான் விளக்கியிருந்தாள்.

உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். ஏழு பேர் என்றாள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை உலகத்தையே சுற்றி வந்துவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

"ஏழே பேரா? எங்க டிப்போவுல ஏழு பேரோட வண்டிய ஓட்டிட்டு வந்தா மெமோதான்."

மகள் சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, அப்படி என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். அப்பாதான் பெருமையோடு பதில் சொன்னார். அந்த அக்காவும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைக் கொஞ்ச நேரம் துழாவினார். அப்புறம், நமக்கு இதெல்லாம் ஒத்து வராது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"இப்ப எங்கப்பா இருக்கு?" மகளின் குரல் தாழ்ந்திருந்தது.

அவர் விரலை உயர்த்தி, தலைக்கு மேலே மெதுவாக ஒரு கோடு இழுத்தார். உச்சிக்கு வந்துவிட்டது, இனி அந்தப் பக்கம் இறங்கும் என்றார். பயணிகளுக்கு வழி சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அதில் தயக்கமே இல்லை.

மகள் புறங்கையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் அவர் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

"இதுக்குப் போயி அழுவாங்களா, பாப்பா?" என்றார். "இதே வெளிச்சந்தானே உன் ஊருக்கு மேலயும் போகப்போகுது. என்னிக்கு, எத்தன மணிக்குன்னு ஃபோன்ல சொல்லு. நீ அங்கேருந்து பாரு, நான் இங்கேருந்து பாக்குறேன். ஒரே வீட்டுல இருக்குற மாதிரிதான்."

அவள் அவர் பக்கம் இன்னும் நெருங்கி வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் ஒரு பேருந்து நின்று, ஆளை இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பிப் போயிற்று.

"என்னப் பத்திக் கவலப்படாம போயிட்டு வா. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அப்பா. அவருடைய விரல் இப்போது கிழக்கே, வீடுகளின் கூரைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. "இந்தா, மறையப் போகுது. கடைசியா ஒரு தடவ பாத்துக்க."

மகள் வானத்தைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கி, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அப்பா... அது நாளைக்குத்தாம்பா வரும்."